பாளையம்பட்டியிலும் ராக்கெட் விடலாம்!

வெடிமருந்து வேண்டாம், ஒரு தம்ளர் தண்ணீர் போதும்

பாளையம்பட்டி, வானம் பார்த்த பூமி.

அருப்புக்கோட்டையை ஒட்டியிருக்கும் ஊர் அது. மழை வருமா, வராதா என்று பெரியவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

தீபாவளி வந்துவிட்டால் சிறுவர்களும் அண்ணாந்து பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது மேகத்தை அல்ல, ராக்கெட் வாணத்தை!

காலி பாட்டிலில் வாணத்தை நிறுத்துவார்கள். திரியில் நெருப்பு வைப்பார்கள். "சுர்ர்..." என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! கண்மூடித் திறப்பதற்குள் வாணம் ஆகாயத்தில் நிற்கும்.

அந்த நேரத்தில் ஏதாவது ஒரு வீட்டில், பேரன் தாத்தாவிடம் இப்படிக் கேட்பான்:

"தாத்தா! நாமளே ஒரு ராக்கெட் செஞ்சா என்ன?"

"அதெல்லாம் வேண்டாம்டா. கையைச் சுட்டுக்குவே."

"நாலு வெடியைப் பிரிச்சு மருந்தைக் கொட்டினா, பெரிய ராக்கெட்டே செய்யலாமாம். பசங்க சொல்றாங்க தாத்தா!"

தாத்தா திடுக்கிட்டுப் போவார். திடுக்கிடத்தான் வேண்டும்.

பேரன் முதலில் கேட்டது நல்ல கேள்வி. அடுத்துச் சொன்னது ஆபத்தான யோசனை. முதலாவதை வளர்க்க வேண்டும். இரண்டாவதைத் தடுக்க வேண்டும்.

பல வீடுகளில் இரண்டையும் ஒரே அதட்டலில் அடக்கிவிடுகிறார்கள். அதனால் என்ன ஆகும்? பையன் கேட்பதை நிறுத்திவிடுவான். செய்வதை நிறுத்துவானா? யாரும் இல்லாத நேரம் பார்த்து, மறைவாகச் செய்வான்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

மருந்தோடு விளையாட்டா?

சிவகாசியும் சாத்தூரும் பாளையம்பட்டி இருக்கிற அதே விருதுநகர் மாவட்டத்தில்தான் உள்ளன. பட்டாசுத் தொழில் பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதே தொழில் பல குடும்பங்களைக் கண்ணீரிலும் ஆழ்த்தியிருக்கிறது.

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் வெடி விபத்து. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி, சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் விபத்து. பல உயிர்கள் போயின.

2025-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி, சின்னக்காமன்பட்டியில் விபத்து. அங்கேயும் பல தொழிலாளர்கள் பலியானார்கள்.

இவர்கள் எல்லாம் மருந்தோடு பழகியவர்கள். தொழில் தெரிந்தவர்கள். அவர்களுக்கே இந்தக் கதி என்றால், திண்ணையில் உட்கார்ந்து வெடியைப் பிரிக்கும் பத்து வயதுப் பையனின் கதி என்ன?

வெடிமருந்துக்கு நெருப்பு வைத்தால்தான் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உரசினாலும் பிடிக்கும், இடித்தாலும் பிடிக்கும். சிறு பொறி பட்டாலும் போதும். ஓடித் தப்ப நேரமே இருக்காது.

லைசென்ஸ் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது சட்டப்படி குற்றமும் ஆகும். 1884-ம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது.

அப்படியானால், ராக்கெட் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம்! இதே சிக்கல் ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் வந்தது. அங்கே ஒரு செருப்புக் கடைக்காரர் வழி காட்டினார்!

செருப்புக் கடைக்காரர் செய்த ராக்கெட்

1957-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, ரஷியா "ஸ்புட்னிக்" என்ற செயற்கைக் கோளை விண்ணில் செலுத்தியது. உலகமே வியந்தது.

அமெரிக்கச் சிறுவர்களுக்கு ராக்கெட் பைத்தியம் பிடித்தது. கொல்லைப்புறத்தில் இரும்புக் குழாயை எடுத்தார்கள். கிடைத்த மருந்தையெல்லாம் அதில் இடித்து அடைத்தார்கள். குழாய்கள் வெடித்தன. பலருக்கு விரல் போயிற்று. சிலருக்கு உயிரே போயிற்று.

இதற்கு மாற்று வழி மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பிறந்திருந்தது.

நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்போக் என்று ஓர் ஊர். அங்கே ஆர்வில் கார்லைல் என்பவர் செருப்புக் கடை வைத்திருந்தார். வாணவேடிக்கையில் அவருக்குப் பிரியம் அதிகம். அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கோ பொம்மை விமானத்தில் பிரியம்.

சகோதரருக்காக 1954-ம் ஆண்டில் கார்லைல் ஒரு சின்ன ராக்கெட் செய்தார். உடல் காகிதக் குழாய். வால் மெல்லிய மரத்தகடு. மருந்து தனியாக ஒரு சிறு குழாயில் இருக்கும். அது எரிந்து முடிந்ததும் அதை எடுத்து எறிந்துவிட்டு, புதிதாக ஒன்றைச் செருகலாம். ராக்கெட் பாராசூட்டில் மெதுவாக இறங்கும். மறுபடியும் விடலாம்!

ராக்கெட் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் என்பவருக்குக் கார்லைல் இதை அனுப்பினார். ஸ்டைன் துள்ளிக் குதித்தார். சிறுவர்களைக் காப்பாற்ற இதுவே வழி என்று கண்டார்.

பிறகு வெர்னான் எஸ்டஸ் என்பவர், மருந்துக் குழாய்களைச் செய்ய 1958-ம் ஆண்டில் ஓர் இயந்திரம் அமைத்தார். அதற்கு "மேபல்" என்று பெண் பெயர் வைத்தார்! மேபல் சில வினாடிகளுக்கு ஒரு குழாய் வீதம் செய்து தள்ளியது.

இப்படிப் பிறந்ததுதான் மாதிரி ராக்கெட் பொழுதுபோக்கு. அதற்குக் கடுமையான விதிகளும் பிறந்தன.

மருந்தைச் சிறுவர்கள் தொடக் கூடாது. தொழிற்சாலையில் செய்த குழாயைத்தான் வாங்க வேண்டும். உடலில் உலோகம் கூடாது. தீக்குச்சி கூடாது, தூர நின்று மின்சாரப் பொத்தானை அழுத்த வேண்டும். சிறிய ராக்கெட் என்றாலும் 15 அடி தள்ளி நிற்க வேண்டும். ஐந்திலிருந்து ஒன்று வரை உரக்க எண்ணிய பிறகே விட வேண்டும்.

இரும்பு வேண்டாம், காகிதம் வேண்டும்

இரும்பு என்றதும் நம் நாட்டுக் கதை ஒன்று நினைவுக்கு வரும்.

இரும்புக் குழாயில் மருந்தை அடைத்துப் போரில் ராக்கெட் விட்டவர்கள், மைசூர் ஐதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும். 1780-ம் ஆண்டில் காஞ்சீபுரம் அருகே பொள்ளிலூரில் நடந்த போரில், ஆங்கிலேயப் படையை அவை கலங்கடித்தன. அவற்றைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் தம் ராக்கெட்டுகளைச் செய்தார்.

2018-ம் ஆண்டில் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், பாழுங்கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பழைய ராக்கெட்டுகள் கிடைத்தன!

இரும்பு, அழுத்தத்தைத் தாங்கும். அதனால் ராக்கெட் வெகு தூரம் போகும். ஆனால் வெடித்தால்? ஒவ்வொரு துண்டும் கத்தியாக மாறும். போர்க்களத்துக்கு அது சரி. வீட்டு முற்றத்துக்குச் சரியல்ல. காகிதம் கிழிந்தால் காகிதத்தோடு போகும்.

காகிதக் குழாய் சுற்றுவது விருதுநகர் மாவட்டத்துக்குப் புதிதா? தீப்பெட்டி ஒட்டிய கைகள் எத்தனை! வெடிக்குக் குழாய் சுற்றிய கைகள் எத்தனை! அந்தக் கைத்திறமையே ராக்கெட் செய்யவும் வேண்டும். மருந்து மட்டும் வேண்டாம்.

மருந்து இல்லாமல் ராக்கெட் எப்படிப் பறக்கும்? இரண்டு வழிகள் இருக்கின்றன.

மிதித்தால் பறக்கும்!

சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது காற்று ராக்கெட்.

இரண்டு லிட்டர் சோடா பாட்டில் ஒன்று, அரை அங்குல பிளாஸ்டிக் குழாய் மூன்று அடி, பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு, படித்து முடித்த பத்திரிகைத் தாள், பசை. இவ்வளவுதான் வேண்டும்.

பாட்டிலின் வாயையும் குழாயின் ஒரு முனையையும் டியூப் துண்டால் இணைத்து, காற்றுப் போகாமல் கட்டுங்கள். பாட்டிலைத் தரையில் படுக்க வையுங்கள். குழாயின் மறுமுனை மேல்நோக்கி இருக்கும்படி செங்கல்லில் சாய்த்து வையுங்கள்.

தாளை அதே அளவுக் குழாய் ஒன்றின்மேல் இறுக்காமல் சுற்றி ஒட்டுங்கள். அது வழுக்கிக்கொண்டு கழல வேண்டும். ஒரு முனையை மடித்து நன்றாக ஒட்டி மூடுங்கள். அடியில் மூன்று வால்களை ஒட்டுங்கள். ராக்கெட் தயார்!

அதைக் குழாயின் முனையில் மாட்டிவிட்டு, பாட்டிலை ஓங்கி மிதியுங்கள். காற்று பாயும். காகித ராக்கெட் "விர்" என்று கிளம்பும். நசுங்கிய பாட்டிலைக் குழாய் வழியாக ஊதி நிமிர்த்தினால், அடுத்த ராக்கெட்டுக்குத் தயார்.

ஒன்று மட்டும் கவனம். குழாயின் வாய்க்கு நேரே யாரும் முகத்தைக் காட்டக் கூடாது.

ஒரு தம்ளர் தண்ணீர்

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தண்ணீர் ராக்கெட். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

ஒரு லிட்டர் சோடா பாட்டில் வேண்டும். குடிதண்ணீர் விற்கும் மெல்லிய பாட்டில் உதவாது. சோடாவில் வாயு இருப்பதால், அந்தப் பாட்டிலை அழுத்தம் தாங்கும்படி செய்திருப்பார்கள்.

பாட்டிலைத் தலைகீழாகப் பிடியுங்கள். இப்போது வாய் கீழே இருக்கும். அடிப்பாகம் மேலே இருக்கும். மேலே, கெட்டி அட்டையில் கூம்பு செய்து ஒட்டுங்கள். கூம்புக்குள் கொஞ்சம் களிமண் வையுங்கள். கீழே மூன்று அட்டை வால்களை ஒட்டுங்கள். வால்கள் பாட்டிலின் வாயைவிட நீளமாக இருந்தால், அவையே கால்களாக நிற்கும்.

வாய்க்கு இறுக்கமாகப் பொருந்தும் தக்கை ஒன்று வேண்டும். பந்துக்குக் காற்று அடிக்கும் ஊசியை அந்தத் தக்கையில் செருகுங்கள். ஊசியின் முனை மறுபக்கம் தெரிய வேண்டும். ஊசியைச் சைக்கிள் பம்போடு நீளமான ரப்பர் குழாயால் இணைக்க வேண்டும். சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டால் செய்து தருவார்.

பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றுங்கள். பெரிய தம்ளரில் ஒரு தம்ளர் இருக்கும். தக்கையை அழுத்தி மூடி, ராக்கெட்டை நிறுத்துங்கள். எல்லோரும் விலகியதும் பெரியவர் பம்பை அடிக்கட்டும்.

ஒன்று... இரண்டு... மூன்று... உள்ளே காற்று நெருங்கிக்கொண்டே போகும். தக்கையால் தாங்க முடியாத நேரம் வரும். "டப்!" தண்ணீர் கீழே சீறும், பாட்டில் மேலே பாயும்!

தக்கை நன்றாகப் பொருந்தினால், ராக்கெட் ஒரு பனைமர உயரம்கூடப் போகும்.

ஏன் பறக்கிறது?

தோட்டத்தில் மோட்டார் போட்டு, ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது புரியும். தண்ணீர் முன்னால் பாயும்போது குழாய் கையைப் பின்னால் தள்ளும். பிடியை விட்டால் பாம்புபோல் நெளிந்து ஓடும்.

ஒன்றை ஒரு பக்கம் தள்ளினால், அது நம்மை எதிர்ப்பக்கம் தள்ளும். இங்கிலாந்து விஞ்ஞானி நியூட்டன் 1687-ம் ஆண்டில் வெளியிட்ட நூலில் சொன்ன விதி இது.

காற்று தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. அதனால் பாட்டில் மேலே போகிறது. தீபாவளி வாணத்துக்கும் இதே விதிதான். சந்திரனுக்குப் போகும் ராக்கெட்டுக்கும் இதே விதிதான்.

தண்ணீர் எதற்கு? வெறும் காற்றுக்கு எடை குறைவு. தள்ளும் பலமும் குறைவு. தண்ணீர் கனமானது, பலமாகத் தள்ளும். அதற்காகப் பாட்டில் நிறைய ஊற்றினால், காற்றுக்கு இடம் இருக்காது. ராக்கெட்டும் கனத்துப் போகும்.

வால் எதற்கு? அம்புக்கு இறகு எதற்கோ, அதற்குத்தான். ராக்கெட் குட்டிக்கரணம் போடாமல் நேராகப் போகும். தலையில் வைத்த களிமண்ணும் அதற்கு உதவும்.

எவ்வளவு உயரம் போயிற்று?

"பனைமர உயரம் போச்சு" என்பான் ஒருவன். "தென்னைமர உயரம்தான்" என்பான் இன்னொருவன். சண்டை எதற்கு? அளந்துவிடலாம்!

சதுரமான தாள் ஒன்றை மூலைக்கு மூலை மடியுங்கள். முக்கோணம் கிடைக்கும். அதன் சாய்ந்த பக்கம் சரியாக 45 டிகிரி சாய்ந்திருக்கும்.

ஒருவர் தூரத்தில் நின்று முக்கோணத்தைக் கண்ணருகே பிடிக்க வேண்டும். அடிப்பக்கம் தரைக்குச் சமமாக இருக்கட்டும். சாய்ந்த பக்கத்தின் வழியே மேலே பார்க்க வேண்டும். ராக்கெட்டின் உச்சி அந்தக் கோட்டுக்கு மேலே தெரிந்தால், பின்னால் தள்ளிப் போக வேண்டும். கீழே தெரிந்தால், முன்னால் வர வேண்டும்.

நாலைந்து முறை விட்டுப் பார்த்தால் சரியான இடம் கிடைத்துவிடும். அந்த இடத்துக்கும் ராக்கெட் கிளம்பிய இடத்துக்கும் உள்ள தூரத்தை அளவுநாடாவால் அளங்கள். அதோடு பார்ப்பவரின் கண் உயரத்தைக் கூட்டுங்கள். ராக்கெட் போன உயரம் அதுதான்!

இனி ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். அரைத் தம்ளர் தண்ணீரில் எவ்வளவு? ஒரு தம்ளரில் எவ்வளவு? மூன்று வாலில் எவ்வளவு? நாலு வாலில் எவ்வளவு? ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, எழுதிக்கொண்டே வர வேண்டும். விஞ்ஞானிகள் செய்வதும் இதைத்தான்.

மறக்கக் கூடாதவை

* அறுவடை முடிந்த நிலம், வற்றிய கண்மாய் போன்ற வெட்டவெளியே ஏற்ற இடம். மின்கம்பி, சாலை, பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை அருகே கூடாது.

* காற்று பலமாக அடிக்கும்போது விடக் கூடாது. காலை நேரம் நல்லது.

* பம்பு அடிப்பவர் கண்ணுக்குக் கண்ணாடியும், தலைக்கு ஹெல்மெட்டும் போடட்டும். மற்றவர்கள் முப்பது அடி தள்ளி நிற்கட்டும்.

* தக்கையைக் கம்பியால் கட்டவோ, பசையால் ஒட்டவோ கூடாது. அது தானாகக் கழல்வதுதான் பாதுகாப்பு.

* கிளம்பாத ராக்கெட்டை எட்டிப் பார்க்கக் கூடாது. முதலில் பம்புப் பக்கம் காற்றை இறக்கிவிட வேண்டும்.

* நசுங்கிய பாட்டிலையும் கீறல் விழுந்த பாட்டிலையும் உபயோகிக்கக் கூடாது. கண்ணாடி, இரும்பு அறவே கூடாது.

* மின்கம்பியில் ராக்கெட் சிக்கினால் விட்டுவிடுங்கள். இன்னொன்று செய்துகொள்ளலாம்.

சிறியதிலிருந்துதான் பெரியது

"பாட்டிலும் காகிதமும் ராக்கெட் ஆகுமா?" என்று சிலர் சிரிக்கலாம்.

1963-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி, கேரளத்தின் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் விண்வெளி ஆராய்ச்சி ராக்கெட் கிளம்பியது. அது அமெரிக்கா தந்த ராக்கெட்.

நாமே செய்த முதல் ராக்கெட், 1967-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி அதே தும்பாவிலிருந்து கிளம்பியது. "ரோகிணி" என்று அதற்குப் பெயர். அதன் குறுக்களவு எவ்வளவு தெரியுமா? 75 மில்லிமீட்டர். அதாவது, மூன்றே அங்குலம்! சோடா பாட்டிலின் பருமன்கூட இல்லை.

தும்பாவில் அந்த நாளில் உழைத்தவர்களில் ஒருவர், ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். 1985-ம் ஆண்டு வரை ராமேசுவரமும் அருப்புக்கோட்டையும் ஒரே ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. அந்த வறண்ட சீமையிலிருந்து போனவர்தான் ராக்கெட் விஞ்ஞானி ஆனார், ஜனாதிபதியும் ஆனார்.

இப்போது வழிகள் இன்னும் திறந்திருக்கின்றன. 2017-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த இளைஞர் ரிபாத் ஷாரூக்கும் அவர் குழுவினரும் செய்த 64 கிராம் எடையுள்ள குட்டிச் செயற்கைக் கோள், அமெரிக்க ராக்கெட்டில் பறந்தது.

2023-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி, செங்கல்பட்டு மாவட்டம் பட்டிப்புலத்திலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. அதில் இருந்தவை, பள்ளிப் பிள்ளைகள் செய்த 150 சிறு கருவிகள்! 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி, திருவிடந்தையிலிருந்து "ரூமி-1" கிளம்பியது.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ராக்கெட் தளத்துக்கு 2024-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. தென்மாவட்டங்களுக்கே ராக்கெட் வருகிறது!

மருந்து ராக்கெட் விடும் ஆசை உள்ள பிள்ளைகளுக்கும் காலம் வரும். படித்து, கல்லூரிக்குப் போய், அனுமதி பெற்றவர்களின் மேற்பார்வையில் அதைச் செய்யலாம். அதுவரை காற்றும் தண்ணீரும் போதும்.

ஆகவே, பெற்றோர்களே, பெரியவர்களே! பிள்ளை ராக்கெட் கேட்டால் அதட்டாதீர்கள். வெடியைப் பிரிக்கவும் விடாதீர்கள். பாட்டிலை எடுத்துக் கையில் கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நீங்களும் கூடப் போங்கள்.

"தாத்தா, தண்ணிக்கே பஞ்சம். அதை ராக்கெட்டுக்கு ஊத்தலாமா?" என்று பேரன் கேட்பான்.

"ஒரு தம்ளர்தானேடா! பூமிக்குத்தான் திரும்பி வரப்போகுது. நல்லா எண்ணு!" என்று தாத்தா சொல்லட்டும்.

ஐந்து... நான்கு... மூன்று... இரண்டு... ஒன்று!

பாளையம்பட்டியில் பேரனும் தாத்தாவும் சேர்ந்து அண்ணாந்து பார்க்கட்டும்.